கதவு நிலையில் கறையான்: மருந்தை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வி இது: குளியலறையை ஒட்டிய கதவு நிலையில் மண் கோடு ஏறியிருந்ததைக் கண்டு, அதைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினீர்கள், கோடு மறைந்துவிட்டது, சில வாரங்களில் அடுத்த அறையின் சுவர் அலமாரியில், அடுக்கிவைத்த துணிகளுக்கு அடியில், அதே மண் தென்பட்டது. இனி நிலையையே பெயர்த்துவிட்டு வேறு மரம் போடுவதா, கடையில் விற்கும் கறையான் மருந்தை வாங்கித் தெளிப்பதா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். வந்திருப்பது எந்த வகைக் கறையான், அது எந்த வழியாக ஏறுகிறது, அதற்கு ஈரம் எங்கிருந்து கிடைக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் செய்யும் செலவு அதை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் துரத்துவதில்தான் முடியும். மண்ணெண்ணெயால் நடந்ததும் அதுவே.

ஏன் அப்படி என்பதை விளக்கக் கறையானின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உருவத்தைப் பார்த்து அதை எறும்பின் உறவு என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது கரப்பான்பூச்சிக்குத்தான் நெருங்கிய உறவு, எறும்போ அதன் முதல் எதிரி. உலகில் அறியப்பட்ட ஏறத்தாழ 3000 கறையான் இனங்களில் மிகப் பெரும்பாலானவை உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மண்ணாக்கிக்கொண்டு, மனிதனின் பக்கமே வராமல் இருப்பவை. கட்டடங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பவை அவற்றில் மிகச் சில. ஒரு கூட்டில் அரசனும் அரசியும், காவல் கறையான்களும், எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் விஞ்சும் வேலைக்காரக் கறையான்களும் இருக்கும். மரத்தை அரிப்பது வேலைக்காரக் கறையான்தான். காவல் கறையானின் தாடை சண்டைக்கென்றே அமைந்திருப்பதால் அதற்கும், அரசனுக்கும் அரசிக்கும், குஞ்சுகளுக்கும் உணவை ஊட்டுவதும் வேலைக்காரக் கறையானின் பொறுப்பு. பெரும்பாலான இனங்களில் அதற்குப் பார்வை கிடையாது. அதன் உடல் மென்மையானது, தோல் வழியே நீர் விரைவில் வற்றிவிடும். உலர்ந்த காற்றில் நெடுநேரம் தாங்காது என்பதால்தான் மண், எச்சில், கழிவு ஆகியவற்றைக் குழைத்து, உள்ளே ஈரம் நிற்கும்படி ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஏறி இறங்குகிறது.

ஆகவே நிலையில் நீங்கள் பார்த்தது இரை தேடி வந்த ஒரு பகுதி மட்டுமே. அரசி இருக்கும் கூடு தரைக்கு அடியிலோ, சுற்றுச்சுவரை ஒட்டிய மரத்தின் வேரடியிலோ, சில பத்து மீட்டர் தள்ளியோ இருக்கலாம். வீடுகளில் அதிகச் சேதம் செய்யும் காப்டோடெர்மஸ் என்ற பேரினத்தில் முதிர்ந்த ஒரு கூட்டில் பல லட்சம் கறையான்கள் இருப்பது சாதாரணம். அரசியும் பல ஆண்டுகள் வாழ்ந்து முட்டையிடக்கூடியது. நீங்கள் ஊற்றிய மண்ணெண்ணெயில் சில நூறு செத்திருக்கும், மற்றவை வாடை பிடிக்காமல் அந்தக் குழாயைக் கைவிட்டுச் சுவருக்குள் இருக்கும் வேறு கீறல் வழியாகத் திரும்பியிருக்கும். அலமாரிக்கு வந்ததும் அதே கூட்டைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தச் சில நூறின் இழப்பு கூட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூடவே, எரியும் பொருளை மரத்தில் ஊறவிட்டு, பக்கத்தில் மின்சுவிட்சும் இருக்கும் இடத்தில் விடுவது கறையானைவிடப் பெரிய ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வகையைப் பிரித்தறிவதைப் பார்ப்போம். வீட்டு மரத்தைக் கெடுப்பவற்றை நடைமுறைக்காக மூன்றாகப் பிரித்தால் போதும்: மண்ணோடு தொடர்பு வைத்திருக்கும் நிலத்தடிக் கறையான், மண்ணே தேவைப்படாத உலர்மரக் கறையான், கறையானே அல்லாத மரவண்டு. மூன்றுக்கும் மருத்துவம் வேறு. மரவண்டு துளைத்த கட்டிலுக்காகத் தரை முழுவதும் துளையிட்டு மருந்து செலுத்திய வீடுகள் உண்டு. அந்த மருந்தால் வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தரைதான் கெட்டது.

நிலத்தடிக் கறையான் இருந்தால் மண் இருக்கும். சுவரில் பென்சில் தடிமனில் ஏறும் குழாயாகவோ, மரத்தின் மேல் பூசியதுபோன்ற படலமாகவோ, கீறலை அடைத்த ஈர மண்ணாகவோ அது தெரியும். அரித்த மரத்தை உடைத்துப் பார்த்தால், ரேகை ஓடும் திசையிலேயே மென்மையான பகுதியைத் தின்றுவிட்டுக் கடினமான பகுதியை ஏடு ஏடாக விட்டிருப்பதையும், இடையிடையே மண் அப்பியிருப்பதையும் காணலாம். உலர்மரக் கறையான் வேறு விதம். அது ஒரு மரத்துண்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கூட்டில் சில நூறு முதல் சில ஆயிரம் வரைதான் இருக்கும். மண் குழாய் கட்டாது. குடைந்த பள்ளங்கள் ரேகைக்குக் குறுக்கேயும் செல்லும், உள்ளே தேய்த்துவைத்ததுபோல் வழவழப்பாக இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது அதன் எச்சம். மரத்திலுள்ள சிறு ஓட்டை வழியாக அது தள்ளிவிடும் எச்சம், கசகசாவைக் கொட்டிவைத்ததுபோல் தரையில் சிறு குவியலாகச் சேரும். ஒவ்வொரு மணியும் சுமார் 1 மில்லிமீட்டர் நீளம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஆறு பக்கங்கள் தெளிவாகத் தெரியும். தண்ணீர் கிடைக்காத மரத்தில் வாழும் அந்தப் பூச்சி, கழிவிலுள்ள கடைசித் துளி நீரையும் குடலிலேயே பிழிந்து எடுத்துக்கொள்வதால் வரும் வடிவம் அது. மரவண்டுக்கோ உருண்டையான சிறு துளைகளும், விரலில் தேய்த்தால் முகப்பவுடர்போல் நைசாக இருக்கும் மாவும் அடையாளம். நீங்கள் சொல்வதில் இரண்டு இடத்திலும் மண் இருப்பதால் உங்களுடையது நிலத்தடிக் கறையான் என்றே கொண்டு மேலே எழுதுகிறேன்.

அதிலும் ஒரு பிரிவு உண்டு, மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது முக்கியம். காப்டோடெர்மஸ் போன்றவை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தம் குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கின்றன. ஒடோன்டோடெர்மஸ் போன்றவை தின்ற மரத்தைக் கூட்டுக்குள் அடுக்கி, அதன்மேல் டெர்மிட்டோமைசஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அதை உண்கின்றன. மழைக்குப் பின் புற்றின்மேல் முளைக்கும் காளான் அந்தப் பூஞ்சையுடையதே. இரண்டையும் பிரித்தறியக் காவல் கறையான் வேண்டும்; வேலைக்காரக் கறையான்களைப் பார்த்து இனம் சொல்வது நிபுணருக்கே கடினம். குழாயை உடைத்ததும் மஞ்சள் தலையுடன் முன்னே வருவதைக் குச்சியால் சீண்டினால் தலையின் முன்புறத்திலிருந்து வெள்ளைப் பால்போன்ற துளி கசிந்தால், அது பெரும்பாலும் காப்டோடெர்மஸ். அப்படிச் சிலவற்றைச் சிறு குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வையுங்கள். பூச்சி கட்டுப்பாட்டுக்காரரோ பூச்சியியல் தெரிந்தவரோ வரும்போது அது உங்கள் வாய்மொழி விளக்கத்தைவிடப் பயன்படும்.

வீட்டைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச்சும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். கதவு நிலையின் அடிப்பகுதியிலிருந்து தொடங்கி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சாண் விட்டுச் சாண் தட்டிக்கொண்டு மேலே செல்லுங்கள். நல்ல மரம் கெட்டியான ஒலி தரும், உள்ளே அரித்த மரம் வெறும் டப்பாவைத் தட்டியதுபோல் ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் நுனியால் மெல்ல அழுத்தினால், பெயின்ட் மட்டும் தோலாக நின்று உள்ளே புகுந்துவிடும். பெயின்ட் கொப்பளித்ததுபோல் மேடிட்ட இடம், காரணமில்லாமல் இறுகிப்போன கதவு, சுவரோடு சேரும் இடத்தில் அலையலையாகத் தெரியும் பலகை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மண் குழாயைக் கண்டால் முழுவதையும் துடைக்காமல், நடுவில் விரற்கடை அளவு மட்டும் உடைத்துவிட்டு, சுவரில் பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள். சில நாட்களில் அந்த இடைவெளி ஈர மண்ணால் அடைபட்டால் அது நடமாட்டம் உள்ள குழாய். அடைபடாவிட்டால் அந்தக் குழாயைக் கைவிட்டிருக்கின்றன என்றுதான் பொருள், வீட்டையே கைவிட்டன என்று கொள்ளக்கூடாது. வெப்பக் கேமராவைக் கொண்டுவந்து சுவருக்குள் கறையானைக் காட்டுவதாகச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அந்தக் கேமரா காட்டுவது வெப்ப வேறுபாட்டை. ஈரமான சுவரும் அதேபோல்தான் தெரியும்.

ஈசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்குப் பின் மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல் சிறகு முளைத்த கறையான்தான். ஆனால் சன்னல் வழியாக வெளியிலிருந்து வந்த ஈசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றில் ஈரமான மண்ணைக் கண்டு இணையோடு புகுந்து புதுக்கூடு தொடங்குபவை மிகக் குறைவு. தொடங்கினாலும் அந்தக் கூடு முதிர்ந்து தன் பங்குக்கு ஈசலை அனுப்பச் சில ஆண்டுகள் ஆகும். அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், அடைத்த அறைக்குள் சுவர்க் கீறலிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ ஈசல் புறப்பட்டால், அங்கே சில ஆண்டுகளாகவே முதிர்ந்த கூடு ஒன்று இயங்குகிறது என்று அறியலாம். அது மிகத் தெளிவான எச்சரிக்கை. சிறகு முளைத்த எறும்பும் அதே பருவத்தில் பறக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, முன்சிறகு பின்சிறகைவிட நீண்டிருக்கும். ஈசலுக்கு நான்கு சிறகும் ஏறத்தாழச் சமநீளம், இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு மணிகோத்ததுபோல் நேராக இருக்கும்.

வழியைத் தேடும்போது குளியலறையில் தொடங்குவதே சரி. கறையான் கான்கிரீட்டைத் தின்பதில்லை. தின்ன வேண்டிய அவசியமும் இல்லை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெடிப்பு அதற்குப் போதும். தரையைத் துளைத்து வரும் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளி, கழிவுநீர்க் குழாய் பதித்த பள்ளம், சுவரும் தரையும் சேரும் ஓரம், பழைய கட்டடத்தோடு புதிய கட்டடம் சேரும் இணைப்பு, மின்கம்பி செல்லும் குழாய் ஆகியவைதான் வழக்கமான வாசல்கள். கட்டும்போது அடித்தளத்தில் மூடிவிட்ட சென்ட்ரிங் பலகைத் துண்டும், வெட்டிய மரத்தின் எடுக்காத வேர்க்கட்டையும் பின்னாளில் கூட்டை வீட்டுக்கு அருகே இழுத்து வருபவை. வெளியே வந்தால், சுவரை ஒட்டிக் குவித்த தோட்ட மண், சுவர் ஓரமாகவே சொட்டும் ஏசி நீர், சாய்த்துவைத்த விறகும் அட்டைப்பெட்டிகளும் கண்ணில் படும். சுவரை ஒட்டி மண் உயர்ந்து தரைமட்டத்தையும் தாண்டிவிட்டால், கறையான் ஏறுவது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அளவாவது சுவர் வெறுமையாகத் தெரிய வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான்.

மாடியில் குடியிருப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை வராது என்று நம்புகிறார்கள். மின்கம்பிக் குழாயும் லிஃப்ட் பள்ளமும் கறையானுக்கு ஏணி. அதைவிட முக்கியமானது, காப்டோடெர்மஸ் வகைகள் மாடியிலேயே நிலையான ஈரம் கிடைத்தால், மென்ற மரமும் எச்சமும் மண்ணும் கலந்த அட்டைபோன்ற கூட்டைச் சுவரின் உட்புழையிலோ குளியலறைத் தொட்டிக்குப் பின்னாலோ கட்டிக்கொண்டு, தரையோடு தொடர்பே இல்லாமல் வாழ்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தரைத்தளத்தைச் சுற்றி எவ்வளவு மருந்து செலுத்தினாலும் பயனில்லை. கசிவை நிறுத்திக் கூட்டைத் தோண்டி எடுக்க வேண்டும். மேல்தளத்துத் தரையில் மருந்துக்காகத் துளையிட வருபவரைத் தடுத்துவிடுங்கள். அங்கே மருந்தை வாங்கிக்கொள்ள மண் கிடையாது, கம்பிகள் ஓடும் கூரைத் தளம்தான் இருக்கிறது.

எவற்றுக்குச் சேதம் என்றால், செல்லுலோஸ் உள்ள எல்லாவற்றுக்கும். மரம், ஒட்டுப்பலகை, அட்டை, புத்தகம், பத்திரம், பருத்தித் துணி, ஜிப்சம் பலகையின் மேல்தாள் ஆகியவை உணவு. தெர்மகோலும் மென்மையான பிளாஸ்டிக்கும் கம்பியின் மேலுறையும் உணவல்ல, போகிற வழியில் குறுக்கே நின்றதால் கடிபடுபவை. கம்பியின் உறை கடிபட்டு மின்கசிவு ஏற்படக்கூடும் என்பதால், சுவிட்ச் பெட்டியில் மண் தெரிந்தால் அந்த மின்சுற்றை அணைத்துவிட்டு மின்பணியாளரைக் கொண்டு திறக்கச் செய்யுங்கள். அதற்குள் எந்தத் திரவத்தையும் தெளிக்காதீர்கள். அதே நேரத்தில் பதறவும் வேண்டாம். கதவு நிலை சேதமாக மாதங்கள் ஆகின்றன. முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் வீடு விழுந்துவிடாது. இந்த ஆறுதல் கூரையைத் தாங்கும் மர விட்டத்துக்கும் மரப்படிக்கும் பொருந்தாது. அவற்றைத் தட்டும்போது வெற்றொலி கேட்டால், பூச்சி மருந்துக்காரருக்கு முன் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மருத்துவத்தில் முதலாவது ஈரத்தை அறுப்பது. குளியலறைக் குழாயின் கசிவு, டைல்ஸ் இடுக்கில் பெயர்ந்த பூச்சு, ஏசி நீர்க்குழாய் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் செலுத்தும் மருந்து பாதி வீண். இந்த வேலைக்கு விளம்பரம் கிடையாது என்பதால் அதைப் பெரும்பாலோர் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்தது மண்ணை மருந்தால் நனைத்து அரண் அமைப்பது. இருக்கும் கட்டடத்தில், சுவரும் தரையும் சேரும் ஓரமாகச் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு, தரைக்கு அடியிலுள்ள மண்ணுக்குள் மருந்தைச் செலுத்தி, துளையை சிமென்ட்டால் அடைப்பார்கள். வெளியே சுவரை ஒட்டிப் பள்ளமெடுத்து ஊற்றுவார்கள். இதில் வேலை கெடும் இடம் ஒன்று உண்டு. அவசரத்தில் டைல்ஸையும் அதன் அடியிலுள்ள கலவையையும் மட்டும் துளைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். டிரில் வெளியே தள்ளும் தூளைக் கவனியுங்கள். வெள்ளையும் சாம்பலுமாக வருவது மாறி மண்ணின் நிறத்தில் வந்தால்தான் துளை மண்ணை எட்டியிருக்கிறது. ஊற்றிய மருந்து உள்ளே இறங்காமல் மேலே வழிந்து நின்றாலும் துளை எட்டவில்லை என்று பொருள். வேலை தொடங்குவதற்கு முன் தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் செல்லும் பாதையைச் சாக்குக்கட்டியால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

மருந்துகளில் முன்பு கொடிகட்டிப் பறந்தவை ஆல்ட்ரின், டைஎல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை. பல ஆண்டுகள் மண்ணில் சிதையாமல் நின்றதே அவற்றின் பெருமையாகவும் குற்றமாகவும் ஆனது. 2001-இல் நிறைவேறி 2004-இல் நடைமுறைக்கு வந்த, எளிதில் சிதையாத நச்சுகளுக்கு எதிரான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை ஒழிக்க வேண்டிய பட்டியலில் வைத்தது. அடுத்து வந்த குளோர்பைரிபாஸையும் பல நாடுகள் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டன. இன்று புழக்கத்தில் உள்ளவற்றை இரண்டு குணமாகப் பிரிக்கலாம். பைஃபென்த்ரின் போன்ற பைரித்ராய்டுகள் கறையானை விரட்டுபவை. அரண் முழுமையாக இருந்தால் நன்கு வேலை செய்யும். ஓரிடத்தில் விட்டுப்போனால் கறையான் அந்த இடைவெளியைத் தேடிப் புகுந்துவிடும். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் ஆகியவற்றைக் கறையானால் உணர முடியாது. மருந்திட்ட மண்ணில் நடந்து, ஒன்றையொன்று நக்கித் துடைத்து, மற்றவற்றுக்கும் பரப்பியபின் மெல்லச் சாகும். ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் இடைவெளியே இல்லாத அரண் அமைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்பதால், இரண்டாவது வகையையே நான் விரும்புகிறேன். அவையும் சாதுவானவை அல்ல. ஃபிப்ரோனிலும் பைஃபென்த்ரினும் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கடும் நஞ்சு. ஆகவே கிணறோ, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியோ, மீன் குளமோ அருகில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லி, அந்தப் பக்கத்தில் மருந்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு இன்னொரு வழி இரைமருந்து. செல்லுலோஸில் ஹெக்ஸாஃப்ளூமுரான், குளோர்ஃப்ளுவஸூரான் போன்ற பொருளைக் கலந்து, தரையில் புதைத்த பெட்டியிலோ, நடமாட்டமுள்ள குழாயின் மேலேயோ வைப்பார்கள். வேலைக்காரக் கறையான் அதைத் தின்று மற்றவற்றுக்கும் ஊட்டும். பூச்சி வளர வேண்டுமானால் பழைய தோலை உரித்துப் புதிய தோலை உருவாக்க வேண்டும். இந்த மருந்து புதிய தோலுக்கான கைட்டின் உருவாவதைத் தடுப்பதால், தோலுரிக்கும் நேரத்தில் அது சாகிறது. எல்லாம் ஒரே நாளில் தோலுரிப்பதில்லை, ஆகவே பலன் தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும். அந்தத் தாமதமே இதன் பலம். சாவுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு கூட்டுக்குத் தெரிவதற்குள் மருந்து எங்கும் பரவிவிடுகிறது. பெட்டி வைத்திருக்கும் காலத்தில் பக்கத்தில் வேறு எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது, அடித்தால் இரையைக் கைவிட்டுப் போய்விடும். காவல் கறையானைப் பிடித்து வைக்கச் சொன்னதன் பயனும் இங்கேதான். பூஞ்சை வளர்க்கும் ஒடோன்டோடெர்மஸ் வகைகளில் முழுவளர்ச்சி அடைந்த வேலைக்காரக் கறையான் மேற்கொண்டு தோலுரிப்பதில்லை. மருந்து குஞ்சுகளை மட்டுமே தாக்குவதால் பலன் இன்னும் தாமதமாகும். உங்கள் வீட்டில் இருப்பது காப்டோடெர்மஸ் என்றால் இரைமருந்தை நம்பிக் காத்திருக்கலாம். ஒடோன்டோடெர்மஸ் என்றால் மண்ணில் மருந்து செலுத்துவதையே முதலில் வைப்பேன்.

உலர்மரக் கறையானுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது என்பதால் இரண்டு வரி. அரித்த பொருள் சிறியதாக இருந்தால் மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் சில நாள் வைப்பதோ, மரத்தின் நடுப்பகுதிவரை சூடேற்றுவதோ போதும். பன்னாட்டு வாணிபத்தில் பெட்டிமரங்களுக்கு வைத்திருக்கும் விதி, மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது. வீடு முழுதும் பரவியிருந்தால் சல்ஃபியூரில் ஃப்ளோரைடு வாயுவால் மூட்டம் போடுவார்கள். அது உரிமம் பெற்றவர்களின் வேலை, மேலும் அந்த வாயு பின்னாளில் வருவதைத் தடுக்காது.

கைவைத்தியங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். வேப்பெண்ணெய், உப்புநீர், வினிகர், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ஆகியவை எல்லாம் நேரடியாகப் பட்டவற்றைக் கொல்லும் அல்லது கொஞ்ச நாள் விரட்டும். கூட்டை எட்டுவது எதுவும் இல்லை. இன்ஜின் ஆயில் மரத்தையும் மண்ணையும் கெடுத்து வாடையையும் மிச்சம் வைக்கும். விதிவிலக்காக நான் மதிப்பது போரேட் உப்பு. பெயின்ட் அடிக்காத உலர்ந்த மரத்தில் அதன் கரைசலைப் பூசினால் உள்ளே ஊடுருவி, அந்த மரத்தை நெடுங்காலம் காக்கும். நீரில் கரைந்துவிடும் என்பதால் மழை படும் கதவுக்கும் ஈரத் தரையில் நிற்கும் நிலையின் அடிக்கும் அது ஆகாது.

நிலையை மாற்றுவது எப்போது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வரலாம். மருந்து செலுத்திய பின் உடைத்து வைத்த குழாய்கள் சில மாதங்களாக அடைபடாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டுதான் தச்சரை அழைக்க வேண்டும். அதற்குமுன் போடும் புதுமரம் அதே கூட்டுக்குப் புது உணவு. மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். கறையானை எதிர்க்கும் வேதிப்பொருள்கள் தேக்கின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள அடர்நிறப் பகுதியில்தான் உள்ளன, ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் பகுதியைக் கறையான் மற்ற மரத்தைப்போலவே தின்னும். நிலையின் கால் இரண்டும் டைல்ஸுக்குக் கீழே மண்ணைத் தொடும்படி புதைவது பல வீடுகளில் வழக்கம். அப்படிப் புதைக்காமல் கல்லின்மேலோ தரைமட்டத்தின்மேலோ நிறுத்தச் சொல்லுங்கள். அறுத்த முனைகளில் மரப்பாதுகாப்பு மருந்தைப் பூசியபின் பொருத்துங்கள், ஏனெனில் ஈரமும் கறையானும் முதலில் ஏறுவது அந்த முனை வழியாகத்தான். ஒட்டுப்பலகை வாங்கும்போது, ஈரம் தாங்கும் என்ற முத்திரை கறையான் தாங்கும் என்பதாகாது. பசையிலேயே மருந்து கலந்த பலகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அலமாரியில் உள்ள துணியையும் காகிதத்தையும் இன்றே வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, வெயிலில் காயவைத்துவிடலாம். மண் ஏறிய பின்பலகையை மட்டும் தொடாமல் விட்டுவையுங்கள், வழியைக் கண்டுபிடிக்க அதுதான் துப்பு. அலமாரியைத் திரும்ப நிரப்பும்போது பின்சுவருக்கும் பொருளுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விடுங்கள். பத்திரங்களையும் பழைய படங்களையும் மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைப்பது நல்லது.

மருந்து செலுத்த வருபவரிடம் வேலைக்கு முன்பே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மருந்தின் வணிகப் பெயர் மட்டுமல்லாமல் அதிலுள்ள வேதிப்பொருளின் பெயர், கலக்கும் விகிதம், துளையிட்ட இடங்களைக் காட்டும் கைப்படம், பின்னாளில் எத்தனை முறை வந்து சோதிப்பார் என்ற விவரம். உங்கள் கண்முன்னே மூடி திறந்து, லேபிளில் சொன்ன அளவில் கலக்கச் சொல்வதில் தவறில்லை. அளவைக் குறைத்துக் கலந்த மருந்து வெளிப்பார்வைக்குச் சரியான மருந்தைப்போலவே இருக்கும். செலுத்திய இடம் உலரும்வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைகளுக்குள் வரக்கூடாது. அந்தக் கைப்படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னொரு நாள் குழாய் பதிக்கவோ செடி நடவோ சுவரோரம் தோண்டினால் அந்த இடத்தில் அரண் அறுந்துவிடும். தோண்டிய பகுதிக்கு மட்டும் மீண்டும் மருந்து வைக்க எங்கே, எது செலுத்தப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.